செவலையின் வயிறும் என் வயிறும்

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். நாலு கால், வளைந்த கொம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. செவலை நிறப் பசு, அதனால் கூப்பிடுவதும் செவலை என்றுதான். கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு கிராமத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவள் ஏற்கெனவே அந்த வீட்டில் இருந்தாள். மூத்தவள் என்ற மரியாதையை அவளுக்குக் கொடுத்தேனா என்று கேட்டால், கொடுக்கவில்லை.

மாட்டைப் பார்த்தா பொறாமைப்பட்டாய் என்று கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டு ஆண்கள் விடிந்ததும் எங்கே போய் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் மாட்டுக் கொட்டாயில் போய் நிற்பார். முகம்கூடக் கழுவியிருக்க மாட்டார். முதலில் சாணியைப் பார்ப்பார். ஒரு குச்சியை எடுத்துக் கிளறி, இறுகிப் போயிருக்கிறதா, தண்ணியாக இருக்கிறதா, வைக்கோல் செரிக்காமல் அப்படியே வந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். மோந்தும் பார்ப்பார். பிறகு செவலையின் இடது வயிற்றுப் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்துக்கொண்டு, உள்ளே இரைப்பை புரளுகிறதா என்று கண்ணை மூடி நிற்பார். அது முடிந்தால் தாடையைத் தடவிக் கொடுத்து, "இன்னாடி கண்ணு, வவுறு நல்லா கீதா?" என்று கேட்பார்.

அடுப்பை ஊதிக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவளுக்குக் கண்ணு. எனக்கு அவர் வைத்திருந்த பேர் 'ஏமே'. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதுதான் பேர். பத்திரிகையில் அச்சடித்த என் பேர் அவருக்கு ஞாபகம் இருந்ததா என்றே எனக்குச் சந்தேகம்.

அவர் கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விதைப்பிலிருந்து அறுவடை வரை கழனியே கதியாகக் கிடப்பார். பால் கறந்து திண்டிவனம் டவுனில் ஒரு காபி ஓட்டலுக்கு ஊற்றுவார். ஓட்டல்காரர் "உன் பால் மாதிரி வராதுப்பா" என்று சொன்னால், அன்று முழுக்க மாப்பிள்ளை மாதிரி திரிவார். இவ்வளவுக்கும் அவருக்குப் பேச்சு குறைச்சல். இருக்கிற பேச்சையும் கொட்டாயிலேயே செலவழித்துவிட்டு வருவார். எனக்கு எரியாதா?

எரிந்தது. நிஜமாகவே எரிந்தது.

மூத்த பிள்ளை பிறந்ததும் என் மாமியார் எனக்குப் பத்தியம் போட்டார். பூண்டு, மிளகு, திப்பிலி, கருவாட்டுக் குழம்பு. பிள்ளை பெற்ற வயிற்றில் காரம் போனால்தான் உள்ளே இருக்கிற புண் ஆறும், அழுக்கு வெளியே போகும் என்பது அவர் நம்பிக்கை. அவர் மாமியாருக்கும் அதே நம்பிக்கை இருந்திருக்கும். சோறு ஒரு பிடி, மிளகுக் குழம்பு ஒரு கிண்ணம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. அன்போடு போட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். பத்தியம் முடிந்த பிறகு நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒரு எரிச்சல் வந்து உட்கார்ந்தது. எழுந்து போகவே இல்லை.

அந்தக் காலத்தில் மருமகள் எப்போது சாப்பிடுவாள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆண்கள் சாப்பிட்டு, மாமியார் சாப்பிட்டு, ஆளுக்காரர்களுக்குக் கூழ் ஊற்றி, மாட்டுக்குக் கழுநீர் காட்டிய பிறகு. அதற்குள் பொழுது உச்சி சாய்ந்திருக்கும். வயிறு காலியாக இருக்கும்போது அந்த இடத்தில் யாரோ கொள்ளிக்கட்டையை வைத்துத் தள்ளுவது போலிருக்கும். ஒரு வாய் கேப்பைக் களியை விழுங்கினால் அடங்கும். ஆனால் களிக்குத் தொட்டுக்கொள்ள மிளகாயும் புளியும் வைத்து அரைத்த மல்லாட்டைத் துவையல்தான். கொஞ்ச நேரம் கழித்து முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும்.

மாமியாரிடம் சொன்னேன். "சூட்டு ஒடம்பு" என்று விளக்கெண்ணெய் கொடுத்தார். பேதியாகிச் சுருண்டு கிடந்தேன். பிறகு சுக்கு, மிளகு போட்டுக் கஷாயம் கொடுத்தார். கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி ஆயிற்று.

அவரிடமும் சொன்னேன். கழனிக்குக் கூழ் கொண்டு போனபோது, வரப்பில் நின்று, "எனக்கு வவுறு வலிக்கிதுங்க" என்றேன்.

"அம்மாகிட்ட சொல்லு" என்றார்.

"சொல்ட்டேன்."

"அப்பறம் இன்னா?" என்று கேட்டுவிட்டுக் கூழ்ச் சட்டியை வாங்கிக்கொண்டார்.

எனக்கு இன்னா என்று எனக்கே தெரியாது. எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று அவர் கேட்டிருந்தால் யோசித்துச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. அன்று சாயங்காலம் செவலை ஒரு தரம் இருமினாள். இருந்த வேலையைப் போட்டுவிட்டு அவள் வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தார். எனக்கும்தான் நாக்கு இருக்கிறது.

அப்புறம்தான் அந்த மாட்டுப் பொங்கல் வந்தது.

எங்கள் பக்கத்தில் அன்றைக்கு மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, புதுக் கயிறு மாற்றி, வாசலில் பொங்கல் வைத்துப் படைத்து, படைத்ததை முதலில் மாட்டுக்குத்தான் ஊட்டுவார்கள். ஒரு பிடி, இரண்டு பிடி, சாஸ்திரத்துக்கு. என் வீட்டுக்காரருக்குச் சாஸ்திரம் போதவில்லை. அந்த வருஷம் செவலை கன்று போட்டுப் பால் அமோகமாகக் கறந்துகொண்டிருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் தலைவாழை இலையில் சர்க்கரைப் பொங்கலை உருண்டை பிடித்து, வாழைப்பழம் பிசைந்து, ஊட்டிக்கொண்டே இருந்தார். வெண்பொங்கல் பானையையும் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். பக்கத்து வீடுகளிலிருந்து கொண்டு வந்தவர்களையும் தடுக்கவில்லை. "தின்னுடி கண்ணு, உனுக்குத்தான் பொங்கலு" என்று பானையை வழித்து ஊட்டினார்.

நான் காலையிலிருந்து பட்டினி. படைத்த பிறகுதானே சாப்பிட வேண்டும். நெஞ்சுக்குழியைக் கையால் அழுத்திக்கொண்டு கதவோரம் நின்று பார்த்தேன். அவர் கையால் ஒரு உருண்டை யாருக்கு ஊட்டினாலும் அது அமிர்தம்தான் என்று தோன்றியது. எனக்கு அவர் ஒரு நாளும் ஊட்டியதில்லை. கல்யாணத்தன்று பாலும் பழமும் கொடுத்தது கணக்கில் வராது. சுற்றி நின்ற பொம்பளைகள் அவர் கையைப் பிடித்து அதைக் கொடுக்க வைத்தார்கள்.

மறுநாள் விடியும்போது செவலை எழுந்திருக்கவில்லை.

இடது வயிறு உப்பி, தொட்டால் பிசைந்த மாவு போல் அமுங்கியது. பல்லை நறநறவென்று கடித்தாள். அசை போடவில்லை. பின்பக்கமெல்லாம் சாம்பல் நிறத்தில் தண்ணியாகக் கழிந்து, புளித்த வாடை கொட்டாய் முழுக்க அடித்தது. என் வீட்டுக்காரர் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர், சட்டென்று எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு திண்டிவனத்து மாட்டாஸ்பத்திரிக்குப் பறந்தார். சட்டை போட்டுக்கொள்ளவில்லை. வெயில் ஏறுவதற்குள் டாக்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். பேண்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு கொட்டாய்க்குள் இறங்கினார். நான் சுடுதண்ணீர்ப் பானையோடு தூணுக்கு அந்தப் பக்கம் நின்றேன்.

"எப்பப்பா கடைசியா அசை போட்டுது?"

"நேத்து பொழுது சாயறப்போங்க. அப்பவே மெதுவாத்தான் மென்னுக்கினு இருந்துது."

"சாணி?"

"நேத்து காலையில நல்லாருந்துதுங்க, கெட்டியா, பச்சையா. சாயங்காலம் லேசா இளகுச்சி. விடியறப்போ சாம்ப கலரு, தண்ணி, புளிச்ச நாத்தம். நடுவுல அரிசி அப்பிடியே வருதுங்க."

"தண்ணி குடிச்சுதா?"

"குடிச்சிக்கினே இருந்துதுங்க. மூத்திரம்தான் கம்மி."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு விவரமா எவனும் எங்கிட்ட சொன்னதில்லப்பா" என்றார். ஒரு மாட்டின் வயிற்றுக்குள் போனது, வந்தது, நிறம், மணம் எல்லாம் ஒரு மனுஷனுக்கு மனப்பாடம். அதே கூரைக்குக் கீழே இருக்கிற என் வயிற்றைப் பற்றி அவரைக் கேட்டால் என்ன சொல்வார்? 'அம்மாகிட்ட கேளுங்க' என்பார்.

டாக்டர் அவரை உட்கார வைத்து விளக்கினார். மாட்டு வயிறு வைக்கோலுக்கும் புல்லுக்கும் ஆனது, வெந்த அரிசியும் வெல்லமும் ஒரே நேரத்தில் அவ்வளவு போனால் உள்ளே புளித்துப்போகும், அந்தப் புளிப்பு வயிற்றின் உள்தோலை வேகவைத்துவிடும் என்றார். "ஆட்டுக்குடல் கழுவறப்ப பாத்திருப்பியே, துவாலை மாதிரி சொரசொரன்னு இருக்குமே. அதுதான் தீனியிலேர்ந்து சத்தை உறிஞ்சறது. இதுக்கு அது வெந்து உரியுது. ஆசையாத்தான் ஊட்டியிருக்க. ஆனா சாவுக்கு ஊட்டியிருக்க."

என் வீட்டுக்காரர் துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. மாமியார் ஆசையாகப் போட்ட பத்தியம் என் வயிற்றையும்தானே வேகவைத்திருக்கிறது. அங்கே நின்றபோதுதான் அது எனக்கு லேசாகப் புரிந்தது. ஆனால் யாரிடம் சொல்ல?

சோடா உப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து மூங்கில் குழாயால் வாயில் ஊற்றினார்கள். "ஏமே, சுடுதண்ணி இன்னொரு பானை, ஜல்தி!" என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். சாயங்காலம் டாக்டர் மறுபடியும் வந்து ஒரு வேலை செய்தார். பக்கத்து வீட்டு உழவு மாடு அசை போட்டுக்கொண்டிருந்தபோது அதன் வாயிலிருந்து மென்ற அசையை வழித்தெடுத்து, தண்ணீரில் கரைத்துச் செவலைக்கு ஊற்றினார். நல்ல வயிற்றில் இருக்கிற உயிர் செத்த வயிற்றுக்குப் போனால் செரிமானம் திரும்பும் என்றார். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது.

செவலை பிழைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் பிழைக்க வைத்துவிட்டார். படுக்கையைக் கொட்டாய்க்கு மாற்றிக்கொண்டார். வைக்கோலை ஒவ்வொரு கொத்தாக எடுத்து நீட்டினார். மாதுளைத் தோலோடு வேறு எதையோ சேர்த்துக் கொடுத்து என்னை அரைக்கச் சொன்னார். எரிகிற வயிற்றோடு நான் அம்மியில் உட்கார்ந்து என் சக்களத்தியின் வயிற்றுக்கு மருந்து அரைத்தேன். தினமும் காலையில் வந்து வீட்டுக்கே அறிவிப்பார். "இன்னிக்கி கொஞ்சம் கெட்டி." "இன்னிக்கி கலரு திரும்பிடிச்சி." எங்கள் வீட்டில் சாணியைப் பற்றிப் பேசிய அளவுக்கு அந்தத் தை மாசம் வேறு எதையும் பேசவில்லை.

கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் பகலில் அவசரமாகக் கள்ளி வேலிக்குப் பின்னால் ஒதுங்க வேண்டியிருந்தது. விடியுமுன் இருட்டில் போய் வருகிறவள் அன்றுதான் திரும்பிப் பார்த்தேன். கறுப்பு. தார் மாதிரி கறுப்பு. மறுநாளும் அப்படியே. செவலைக்கு இப்படி வந்திருந்தால் அவர் சைக்கிளில் பாதி தூரம் போயிருப்பார் என்று நினைத்தேன். எழுந்தால் கண்ணை இருட்டியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஒரு தரம், ஒரே ஒரு தரம், அவராக வந்து என்னைக் கேட்கட்டும் என்ற வீம்பு. அந்த வீம்பு இன்றைக்கும் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

அவர் கேட்கவில்லை. நான் கொட்டாய் வாசலில் கழுநீர்த் தவலையோடு விழுந்தேன். கண் விழித்தபோது மாட்டு வண்டியில் படுத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மாமியார்தான் "வெளுத்துப்போச்சுடா, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்று அலறியிருக்கிறார். திண்டிவனம் ஸ்டேஷனில் ரயிலேறி விழுப்புரம் போனோம். ரயில் புறப்படும்போது ஜன்னல் வழியாக, மாட்டு வண்டி ஓட்டி வந்த தன் பங்காளியிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது: "பச்சை எதுவும் போடாத, வெறும் வைக்கோலு மட்டும் காட்டு." சாகிற நேரத்திலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடி போட்ட வயசான டாக்டர். என் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"வீட்டுக்காரரா? எவ்வளவு நாளா வலி?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது... கொஞ்ச நாளாங்க."

"எந்த எடத்துல?"

"வவுத்துலதாங்க."

"சாப்பிட்டா வலி கூடுதா, கொறையுதா? வெளிக்கு என்ன கலர்ல போவுது?"

அவர் என்னைப் பார்த்தார். மாட்டாஸ்பத்திரி டாக்டருக்கு ஒப்பித்த மனுஷன், துண்டின் முனையைத் திருகிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எனக்கு வெட்கமெல்லாம் போய்விட்டது. எழுந்து உட்கார்ந்து நானே சொன்னேன்.

"புள்ள பொறந்ததுலேர்ந்துங்க. நெஞ்சுக்குழியில. வவுறு காலியா இருந்தா எரியும், ஒரு வாய் துன்னா அடங்கும், கொஞ்ச நேரம் கழிச்சி திரும்பி வரும். காரம் பட்டா துடிச்சிப் போயிடுவேன். இப்ப அஞ்சாறு நாளா கருப்பாப் போவுதுங்க. தார் மாதிரி, பிசுபிசுன்னு. நாத்தமும் வேற மாதிரிங்க. எழுந்தா கண்ண இருட்டுது."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "படிச்சவங்ககூட இதையெல்லாம் பாக்க மாட்டாங்களேம்மா. யாரு சொல்லிக் குடுத்தா?"

"எங்க வூட்டு மாட்டுக்கு இவரு இப்பிடித்தாங்க சொன்னாரு. பக்கத்துல நின்னு கேட்டுக்கினு இருந்தேன்."

நர்ஸ் சிரித்துவிட்டாள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் நன்றாக வேண்டும் என்றிருந்தது.

குடலின் உள்தோலில் புண், அதிலிருந்து ரத்தம் கசிகிறது, இன்னும் சில நாள் விட்டிருந்தால் ஆளே இருக்க மாட்டாள் என்றார் டாக்டர். படுக்கையில் போட்டு, சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்து கொடுத்தார்கள். வயிற்றுப் புளிப்பை அடக்குவதற்கு என்றார்கள். செவலைக்குக் கொடுத்த சோடாவும் அதற்குத்தானே? மருந்திலும் எனக்கு அவள் மிச்சம்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது மிளகாய், மிளகு, புளி எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார் டாக்டர். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் பால். வயிறு காலியா இருக்கவே கூடாது. வீட்டுல மாடு இருக்கில்ல?"

இருக்கிறாளே!

நோய் கண்ட பிறகு செவலை பாதிப் பால்கூடக் கறக்கவில்லை. அதில் கன்றுக்குப் போக மீந்ததை ஓட்டலுக்கு ஊற்றாமல் எனக்கே கொண்டு வந்து வைத்தார். சக்களத்தியின் பாலைக் குடித்து நான் பிழைத்தேன். நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் டம்ளரைக் குடிக்கும்போது அவள் கொட்டாயிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்துக்கொண்டே குடித்தேன்.

அதன் பிறகு ஒரு புது வழக்கம் வந்தது. காலையில் கொட்டாயிலிருந்து வந்தவர் அடுப்படிக் கதவில் சாய்ந்து நிற்பார். எதையோ தேடுகிற மாதிரி உத்திரத்தைப் பார்ப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏமே, இன்னிக்கி எப்டி? கருப்பா போவுதா?" என்று கேட்பார்.

"இல்லீங்க. மஞ்சளாய்டிச்சி."

"கெட்டியா?"

"கெட்டிதான்."

"ம்" என்று தலையாட்டிவிட்டுப் போவார். புருஷன் பெண்டாட்டியிடம் ஆசையாகக் கேட்கிற கேள்வி இதுவா என்று யாராவது சிரிக்கலாம். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவர் வரும் நேரத்துக்கு முன்பே தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்பேன். ஒரே குறை, முதலில் கொட்டாய், அப்புறம்தான் அடுப்படி. அந்த வரிசையை என்னால் கடைசிவரை மாற்ற முடியவில்லை.

மாமியாரும் மாறினார். என்னை முதல் பந்தியில் உட்கார வைத்து, உறைப்பில்லாத சோற்றைப் போட்டுவிட்டு, "ஆயிசு கெட்டியா இருக்கணும்" என்று முணுமுணுப்பார். எனக்கு வயிறு ஆறியது. வெயில் காலம் முடிவதற்குள் வலி இருந்த இடம் தெரியாமல் போயிற்று. ஒரு நாள் காலையில் அவர் அடுப்படிப் பக்கம் வராமல் நேராகக் கழனிக்குப் போனார். மறுநாளும் வரவில்லை. ஆறிப்போன வயிற்றை யார் விசாரிப்பார்கள்? செவலையும்தான் நன்றாகிவிட்டாள். அவளை மட்டும் ஏன் தினமும் கேட்கிறார் என்று எனக்குப் பழைய பொறாமை திரும்பி வந்தது. வலி போனதற்குச் சந்தோஷப்படுவதா, அந்தக் கேள்வி போனதற்கு அழுவதா என்று தெரியாமல் கொஞ்ச நாள் திண்டாடினேன்.

அறுபதுகளின் கடைசியில் செவலை கிழடாகிவிட்டாள். அடிமாட்டுக்குக் கேட்டு வந்த தரகரை என் வீட்டுக்காரர் தடியெடுத்து விரட்டினார். ஒரு மழைக்காலத்தில் அவள் தீனியை விட்டாள். மறுபடியும் டாக்டர், மறுபடியும் கேள்விகள், மறுபடியும் மனப்பாடமாகப் பதில்கள். இந்தத் தடவை டாக்டர் கையை விரித்துவிட்டார். கிணற்றடித் தென்னைக்குப் பக்கத்தில் குழி வெட்டிப் புதைத்தோம். மண் தள்ளி முடித்ததும் அவர் அந்த மண்மேட்டின் மேலேயே உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, குரல் எடுத்து அழுதார். தன் அப்பா செத்தபோதுகூட அவர் அப்படி அழவில்லை என்று மாமியார் சொன்னார். நான் பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். எனக்காக இந்த ஆள் இப்படி அழுவாரா என்ற ஒரு நினைப்பைத் தவிர வேறெதுவும் அப்போது என் மனசில் இல்லை.

அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் நான் முந்திக்கொண்டு போயிருக்க வேண்டும். அவர் முந்திக்கொண்டார். அடுப்படிக் கதவுக்கு நேரே அவரைக் கிடத்தியிருந்தபோது நான்தான் அழுதேன், குரல் எடுத்து. அவர் அழுது பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. செவலை கொடுத்து வைத்தவள்.